நாகிபூலேயின் புற்று

எங்கள் பக்கத்தில் எல்லா ஈசலுக்கும் ஒரே பெயர் கிடையாது. இரவில் விளக்கு வைத்தால் வருவது எனாகா. மழை விட்டு வெயில் சாய்கிற நேரத்தில், குச்சி தட்டி அழைத்தால் வருவது எம்பவு. பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். எந்தப் புற்றில் எது என்பது, அதன் அருகே வருஷக்கணக்காக உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

நாகிபூலே அப்படி உட்கார்ந்தவள். கணவன் இறந்தபின், வாழைத்தோட்டத்து ஓரப் புற்றுதான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் கைகொடுத்தது. ஈசலைத் தானும் தின்பாள், சந்தையிலும் விற்பாள். சிடுசிடுப்பானவள். இனாமாக ஒரு பிடி தந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவள் கொழுந்தன் கவேசா தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்தான். புற்றை அப்பா தனக்கே கொடுத்ததாகச் சொன்னான். ஊர்த்தலைவர் லுபேகாவும் ஊர்ச்சபைக்காரர்களான நாங்களும் ஒரு சாயங்காலம் புற்றடியில் கூடினோம். நாகிபூலே சபையை மண்டியிட்டு வணங்கிவிட்டு எழுந்தாள்.

"கம்பாலாவுல ஒரு புத்துகூட முளைக்கலையா தம்பி?"

"சும்மா இருங்க அண்ணி. இது எங்கப்பா சொத்து."

தலைவர் கேட்டார்: "சரிப்பா, உள்ள என்ன இருக்கு?"

"ஈசல்தான். யானையா இருக்கும்?"

"புள்ள பொறந்தா மனுசன் பொறந்திருக்கான்னா சொல்லுவ? பேரச் சொல்லுடா."

கவேசா புற்றை ஒரு சுற்று சுற்றி வந்தான். "எனாகா."

"எம்பவு," என்றாள் அவள்.

"யார் வேணா எதையும் சொல்லலாம்!"

"அப்ப தட்டும்மா," என்றார் தலைவர்.

அவள் துவாரங்களுக்கு மேல் குச்சிகளை வளைத்து, மரப்பட்டைத் துணியைப் போர்த்தினாள். ஓரத்தில் குழி தோண்டி வாழையிலை விரித்தாள். கட்டையைக் குறுக்கே போட்டு இரண்டு கோல்களால் தட்டத் தொடங்கினாள். முந்தின நாள் மழை போதவில்லை. அரைமணி போயிற்று. ஒன்றும் வரவில்லை. அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. தாளம் மட்டும் மாறவில்லை.

பெயர் தெரிவதும் உரிமையும் ஒன்றல்ல. செத்துப்போன மாமனார்க் கிழவர் நிஜமாகவே கவேசாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கலாம். அதை நான் சபையில் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

துணிக்குள் ஏதோ சரசரத்தது. ஒன்று விழுந்தது. பின் பத்து. பின் இலை கருத்துக் கொதித்தது.

கவேசாதான் முதலில் குனிந்தான். துணியின் ஓரத்தில் இடைவெளி. ஈசல்கள் அதன் வழியே பறக்கப் பார்த்தன. இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அடைத்தான்.

"அண்ணி, இந்தப் பக்கம் போகுது! நிறுத்தாதீங்க!"

"நிறுத்துனது யாரு? கைய எடுக்காத."

"புத்து அவளோடதுதான்," என்றார் தலைவர். கவேசா தலை நிமிரவில்லை, கையையும் எடுக்கவில்லை.

அன்று போகும்போது அவன் கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. சிறியதுதான்.