பன்னிரண்டு மணி ஆறு நிமிடம்

ஆரணியில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று பெண்கள் கூடும் விசேஷங்களுக்குப் பரிமளாதான் போட்டோ எடுப்பாள். நான் சந்திரமோகன், பிரிண்ட் போடும் கடைக்காரன். 2002இல் அவள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமரா என் உயிரை எடுத்துவிட்டது.

எந்தக் கம்பெனி கேமராவானாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் படம் திறக்கவேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்து வரும். இவள் கேமராவிலோ பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும், கடிகாரம் 2000 ஜனவரி ஒன்று, பகல் பன்னிரண்டுக்குப் போய்விடும்.

“தேதி வெச்சுட்டு எடுக்கக் கூடாதா? ஒரே பேஜாரா கீது!” என்று கத்துவேன்.

“படம் நல்லா கீதா, அத்த சொல்லுங்கண்ணா” என்பாள்.

ஆனால் அந்தப் படங்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் சொக்கித்தான் போவேன். ஊரே அந்த ஒரு மதியத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும். மழையில் நனைந்த தெரு அடுத்த நிமிடமே காய்ந்து கிடக்கும். தாலி கட்டிக்கொண்ட பெண் அப்படியே வளைகாப்புக்கு உட்கார்ந்திருப்பாள்.

மறு வருஷம் பரிமளா ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவள் கணவன் வேணுகோபால் களம்பூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். பாவி, மகள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மகள் பானுவின் முதல் பிறந்தநாளுக்கு வீட்டுப் படங்களை சி.டி.யில் போடச் சொன்னாள் பரிமளா.

“இப்பவாவது தேதிய சரி பண்ணிடறேன்” என்றேன்.

அவள் திரையையே பார்த்தாள். 12:06. தறியில் உட்கார்ந்தபடி வேணுகோபால், ‘கேமராவைக் குடு’ என்று சிரித்து இரண்டு கைகளையும் நீட்டுகிறான். 12:07. பானு, பல் முளைக்காத வாயெல்லாம் சிரிப்பு.

“மாத்துனா அவரு எங்க போவாரு?”

“ஒரு வருஷம் முன்னாடி.”

“வேணாண்ணா. எம்பொண்ணுக்கு அவங்க அப்பாகூட இந்த ஒரு நாளுதான் கீது.”

அப்படியே பதிந்து கொடுத்தேன்.

2009இல் பானு யூனிபார்மோடு தனியாகக் கடைக்கு வந்து அந்த சி.டி.யை நீட்டினாள்.

“மாமா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா செத்துட்டாருன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. பொய்தானே?”

இரண்டு படங்களின் விவரத்தையும் திறந்து தேதியைக் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

“ஒரே நாளு! அப்போ அப்பா எனக்குத்தான் கை நீட்டிகினு கீறாரா?”

“ஆமாம்மா.”

“தூக்குனாரா?”

தேதி தேதி என்று இவள் அம்மாவைத் திட்டித் தீர்த்தவன் நான்.

“தூக்காம?” என்றேன்.