வீட்டுக்குப் போலாமா

எங்களுக்கு ஒரே மகள்தான். ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவ. ஏனென்றால் சின்னவள் மிருகக்காட்சிசாலையில் இருக்கிறாள். கரடி. குட்டியாக வந்ததிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்வது என் மனைவி.

என் மனைவி அங்கே பாதை கூட்டத்தான் சேர்ந்தாள். இன்றைக்கும் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள். ஒரு நாள் ஆள் இல்லையென்று பால் புட்டியை இவள் கையில் திணித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் குட்டியின் மூக்கைப் பற்றியே பேசினாள். பஸ் ஓட்டிக் களைத்து வந்தவன் ஒரு வாய் தண்ணீர் கேட்டேன். காதில் விழவே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

அதிலும் அந்த அழைப்பு இருக்கிறதே! சாயங்காலம் விலங்குகளை அறைக்குள் கூப்பிட மற்றவர்கள் விசில் ஊதுவார்கள், வாளியைத் தட்டுவார்கள். இவள் அறைக் கம்பிக்கு வெளியே நின்று, "வீட்டுக்குப் போலாமா?" என்பாள். கூண்டின் முற்றத்தில் இருக்கும் சின்னவள் போட்டது போட்டபடி ஓடி வருவாள். என்னை ஒரு நாளாவது இவள் அத்தனை குழைவாகக் கூப்பிட்டிருப்பாளா? சரி, அதை விடுங்கள்.

போன வருடம், பூங்காவின் எதிர்காலத் திட்டத்தைச் சிறிய மாதிரி வடிவமாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வாசலில் வைத்தார்கள். அன்றிலிருந்து என் மனைவியின் கால் தரையில் படவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டைப் பிடுங்கிக் குளமாக்குவாள், டம்ளர்களை மரமாக்குவாள்.

"இங்க பாருங்க, இதெல்லாம் புல்லு. கூண்டே கிடையாது. சக்கர நாற்காலில வர்றவங்களுக்குச் சரிவுப் பாதை, நெடுக நிழல், குடிதண்ணி. குட்டிப் பசங்க கண்ணாடி வழியா சின்னவளை நேருக்கு நேர் பாக்கலாம்!"

"மொதல்ல குளத்தைக் குடு, நான் சாப்பிடணும்."

"இருங்க, முக்கியமானதைச் சொல்லல. மாப்பிள்ளை வர்றான்!"

இந்த இனக் கரடிகள் காட்டில் குறைந்துகொண்டே வருகின்றனவாம். வேறொரு பூங்காவிலிருந்து ஓர் ஆண் கரடியைக் கொண்டுவந்து குட்டிகளைப் பெருக்குவதும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பூங்காக்காரர்கள் கறாரான ஆட்கள். சின்னவள் சிமெண்ட் தரையை விட்டுப் புல்லில் இறங்கி நடமாடுவதைப் புது இடத்தின் திறப்பு நாளன்று கண்ணால் பார்த்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். சின்னவளோ பிறந்ததிலிருந்து புல்லை மிதித்ததே இல்லை. என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. எனக்கும்தான், பக்கத்தில் படுத்துப் புலம்பிக்கொண்டே இருந்தால் யார் தூங்குவது?

திறப்பு நாளன்று நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடிச் சுவரோரம் கூட்டம் அலைமோதியது. பழைய அறையின் கதவைத் தூக்கினார்கள். கருப்பு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு கால் புல்லில் பட்டது, சட்டென்று பின்வாங்கி, மறுபடி பட்டது. அப்புறம் இன்னொரு கால். என் மனைவி என் கையை நசுக்கியே விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பூங்கா இயக்குநர் அவளிடம் மைக்கை நீட்டினார். "வளர்த்தவங்க நீங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

சந்தோஷத்தில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாருக்கும் வணக்கம். சின்னவளே, இனிமே சிமெண்ட் கெடையாதுடி! வா, நம்ம வீட்டுக்குப் போலாமா?"

அவ்வளவுதான். சின்னவள் விறுக்கென்று திரும்பி அறைக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பழத்தை வைத்தார்கள். தேனை வைத்தார்கள். அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கால்நடை மருத்துவரம்மா, "பரவால்லக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். என் மனைவியின் முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சிரித்தவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுவிட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது.

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பழைய அறையின் கூரையையே பார்த்தாள். அங்கே ஒலிபெருக்கி கட்டியிருந்தது; மைக்கில் பேசியது அதிலிருந்துதான் கேட்டிருந்தது. மைக்கை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"எங்க போற?"

"சும்மா வாங்களேன்!"

புல்வெளியைச் சுற்றி, அடுத்த கோடியில் இருந்த வேலிக்கு ஓடினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். அவளைப் பின்தொடர்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரும் வந்தார். என் மனைவி கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டாள்.

"சின்னவளே! வீட்டுக்குப் போலாமா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதே வார்த்தையா? அது ஏற்கனவே வீட்டுக்குள்ளதான இருக்கு?"

அறைக்குள்ளிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை கூரையிலிருந்து குரல் வரவில்லை. புல்லுக்கு அப்பாலிருந்து வந்தது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஓடி வந்தாள்! புல் முழுக்கத் தாண்டி, குளத்து ஓரத்தில் வழுக்கி, குட்டியைப் போலத் தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்து, வேலி ஓரம் புல்லிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கூட்டம் கை தட்டியது. கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

அந்தப் பெரியவர் வேலியோரம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றவளைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"இவங்க யாருங்க?"

யோசிக்காமல் வழக்கம்போலச் சொன்னேன். "எங்க வீட்டுல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சின்னவளுக்கும் வீடு என்றால் இவள்தான்.