நீலப் படகும் ஓர் அனுமானக் கேள்வியும்

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே தேர்வு. திரையில் ஒரு கூற்று வந்தது: ‘கனமழை பெய்யும் என்பதால் பயணிகள் முன்கூட்டியே கிளம்புமாறு போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது.’ கீழே இரண்டு அனுமானங்கள். அறிவிப்பு பயணிகளின் காதுக்குப் போய்ச் சேரும் என்பது ஒன்று. மழை வந்தால் எல்லாப் பேருந்துகளும் நின்றுவிடும் என்பது இன்னொன்று. இவற்றில் எது கூற்றுக்குள் அடங்கியிருக்கிறது? வேறொரு நாளாக இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு எழுத்துகள் தெரிந்தன, பொருள் மண்டையில் ஏறவில்லை. முந்தின நாள் கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பியிருக்கவில்லை. அதே கூடத்தில் எங்கோ ஒரு நாற்காலி என் அண்ணிக்காகக் காலியாகக் கிடந்தது.

அண்ணி செங்கல்பட்டுக்காரி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே மார்க்கெட்டில் மீன் கடை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்துக்கு வாழ வந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள் என்றாலும் தேர்வுக்குப் படிப்பதில் நாங்கள் கூட்டாளிகள். கணக்கு என் பொறுப்பு, தர்க்கம் அவள் பொறுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில் பழைய வினாத்தாள்களை விரித்துக்கொண்டு உட்காருவோம். கூற்று, அனுமானம் பகுதியில் தொடக்கத்தில் எனக்கு அடி மேல் அடி விழும். “உனுக்குத் தெரிஞ்சதெல்லாம் கேள்விக்குள்ள கொண்டாந்து கொட்டிடற நீ” என்பாள். “அவன் வாய்விட்டு சொன்னது ஒண்ணு. சொல்லாம மனசுல வச்சிக்கினு பேசறது ஒண்ணு. நமக்கு அது ரெண்டும்தான் வேணும். மூணாவதா நீயா ஒண்ணு சேத்துக்கற பாரு, அங்கதான் மார்க்கு போவுது.” வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசித் தேர்வு. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் விடியும் முன்பே அண்ணனும் அவன் கூட்டாளியும் படகை எடுத்துப் போய்விட்டார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வந்தபோது, கடலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படகு மட்டும் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். இருட்டிய பிறகு அலை ஏறிவிட்டது. யாரும் தேடப் போக முடியவில்லை.

விடிந்ததும் அண்ணி என் ஹால் டிக்கெட்டை எடுத்து என் பையில் வைத்தாள். தன்னுடையதைத் தொடவில்லை.

“நீ கெளம்பு.”

“நீ வரலியா அண்ணி?”

“ஒருத்தியாவது எழுதணும். நீ இங்க குந்திக்கினு இருந்தா கடலுக்குப் போன போட்டு திரும்பி வந்துடுமா? போட்டு இன்னும் வர்ல. நமக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். அதுக்கு மேல யாரும் எதுவும் சொல்லல.”

நான் செருப்பை மாட்டும்போதுதான் கரையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. முட்டுக்காடு பக்கம் ஒரு நீலப் படகு கவிழ்ந்து மிதக்கிறதாம், ஆள் யாரும் இல்லையாம். அண்ணன் படகும் நீலம். அம்மா அப்படியே தரையில் சரிந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓலமிடத் தொடங்கினார்கள். தேடப் போகத் தயாராக நின்ற படகுகள் எல்லாவற்றையும் வடக்கே முட்டுக்காட்டுக்குத் திருப்பச் சொன்னார் ஊர்த் தலைவர்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். “போட்டு நம்பரு பாத்தாங்களா?”

“கவுந்து கெடக்குதும்மா. எப்டிப் பாப்பாங்க?”

“அப்ப இன்னாருதுன்னு யாரு சொன்னா? இந்தக் கரைல பாதி போட்டு நீலம்தான?”

“வேற எந்தப் போட்டு இப்ப வெளிய கீது? உம் புருஷன் போட்டு ஒண்ணுதான்.”

“நம்ம குப்பத்துல ஒண்ணுதான். கோவளத்துல எத்தினி போட்டு வெளிய கீதுன்னு கேட்டீங்களா? இந்த மாசத்துல தண்ணி தெக்காலதான இழுக்கும்? இன்ஜின் நின்னிருந்தா அவரு சதுரங்கப்பட்டினம் பக்கம்தான் போயிருப்பாரு. ரெண்டு போட்ட மட்டும் தெக்க அனுப்புங்க.”

வாழ வந்தவள் கடலைப் பற்றிப் பேசுகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் கடலைப் பார்த்தார். பேச்சு முடியும் முன்பே அண்ணி திரும்பி என்னைப் பார்த்து, “பஸ்ஸ விட்றாத” என்றாள். அந்தக் குரலை மீறி நிற்க எனக்குத் தைரியம் இல்லை. தலைவர் என்ன முடிவு செய்தார் என்று தெரியாமலேயே பஸ் ஏறினேன்.

கூடத்தில் போனை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் பார்த்தேயிராத அந்தக் கவிழ்ந்த படகு ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் மிதந்தது. அதற்குள் அண்ணனின் சட்டையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். மூணாவதா நீயா ஒண்ணு சேத்துக்கற பாரு. கண்ணை மூடித் திறந்துவிட்டுக் கூற்றை மறுபடியும் முதல் சொல்லிலிருந்து படித்தேன். கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அறிவிப்பு செய்யமாட்டார்கள். ஆகவே முதலாவது அடங்கியிருக்கிறது. பேருந்துகள் எல்லாம் நின்றுவிடும் என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். மிச்சக் கேள்விகளையும் அப்படித்தான் கடந்தேன்.

வெளியே வந்து போனை உயிர்ப்பித்தபோது அண்ணியின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கூப்பிட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே “வா, சீக்கிரம் வா” என்று மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ‘வா’ என்ற அந்த ஒரு சொல்லையே மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் உயிரோடு இருந்தால் அதைத்தானே முதலில் சொல்லியிருப்பாள்? இறந்திருந்தால் போனில் சொல்லமாட்டாளே. வா என்றால் வா, வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேர்வில் முடிந்தது பஸ்ஸில் முடியவில்லை. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் மனதுக்குள் அண்ணனுக்குக் காரியம்கூட முடித்துவிட்டேன்.

குப்பத்து முனையில் திரும்பியதும் கரையில் கூட்டம் தெரிந்தது. மணலில் இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கூட்டத்தின் நடுவில் போர்வை சுற்றி உட்கார்ந்து, கயிறு அறுத்த உள்ளங்கைகளுக்குள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் கூட்டாளி. இன்ஜின் நின்றுபோய், மழையில் போனும் செத்துப்போய், சதுரங்கப்பட்டினத்துக்கும் தெற்கே நங்கூரம் தரையில் பிடிக்காமல் படகு இழுபட்டுப் போகப் போக, இரவெல்லாம் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். கடைசியில் தலைவர் தெற்கே அனுப்பியது ஒரே ஒரு படகைத்தான். அதுதான் அவர்களைக் கண்டுபிடித்தது. முட்டுக்காட்டுப் படகு, கட்டிவைத்த இடத்திலிருந்து காற்றில் கயிறு அறுந்து மிதந்து போன வேறு யாருடைய படகோ.

அண்ணி சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டதும், “எப்டி எழுதன?” என்றாள்.

எனக்கு வேலை கிடைத்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்திலேயே பணி. அண்ணி மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் வரவேற்பில் இருக்கிறாள். குப்பத்துப் படகுகள் கிளம்பும் முன் எந்தப் பக்கம் போகின்றன என்று அவளுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதைத் தலைவரேதான் தொடங்கிவைத்தார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் என் வேலையைப் பற்றி ஏதோ கேட்டான். பிறகு தட்டைப் பார்த்தபடி, “என்னாலதான் இவ வேல போச்சு” என்றான். இதற்கு முன்பும் பல தடவை சொல்லியிருக்கிறான்.

அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “எழுதியிருந்தா பாஸாயிருப்பேன்னு நீயா ஒண்ணு வச்சிக்கினு பேசாத.”

அண்ணன் சிரித்துவிட்டான். அம்மாவும் சிரித்தாள். படகு நிழலில் நாங்கள் எழுதிப் பார்த்த ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் அவள் என்னைவிட அதிகம் வாங்கியது அவனுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.