கொலுவுக்கு ஒரு மலை

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு மலை தெரியும். ஆஸ்திரியாவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில் அது யாரும் திரும்பிப் பார்க்காத மலை. உச்சி என்று தனியாக எதுவும் கிடையாது. கவிழ்த்துவைத்த இட்லிப் பானை மாதிரி உட்கார்ந்திருக்கும். அடிவாரத்தை சூப்பர்மார்க்கெட்டின் தகரக் கூரை மறைத்துவிடும். ஆனால் மயிலாப்பூரில் அதற்கு ஒரு ரசிகை இருந்தார். என் மாமியார்.

வந்த புதிதில், ஊரைக் காட்டலாமே என்று ஒரு போட்டோ அனுப்பினேன். மறுநாள் அனுப்பவில்லை. என்ன ஆச்சோ என்று போன் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினம் ஒரு மலை அனுப்புவது, குழந்தைக்குப் பால் காய்ச்சுவதுபோல் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மத்தியானத் தூக்கம் கலைந்து காபி குடிக்கும்போது மாமியார் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு அவருடைய குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிவைப்பார். மலையை வைத்தே எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்வார். மலை மங்கலாக இருந்தால் குழந்தைக்குச் சளியா என்று கேட்பார். பாதி நாள் சளியாகத்தான் இருக்கும். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. மேகத்துக்குள் போன மலை வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. சாம்பல் நிறத்தையே இரண்டு நாள் அனுப்பினேன். எதற்குச் சுவரைப் படம் எடுத்து அனுப்புகிறாய் என்று கேட்டார். அதன்பின் பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தேன். மலை அதே மலைதானே, இதில் என்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் நவராத்திரிப் பேச்சு வந்தது. மயிலாப்பூர் வீட்டில் கொலுப் படிகளில் பொம்மை வைத்தபின் பக்கத்தில் தரையில் மண்ணும் செடியுமாக ஒரு குட்டி பார்க் போடுவார்கள். மேல் மாடியில் இருக்கும் மாமி வருடா வருடம் தன் வீட்டு பார்க்கில் திருப்பதி மலை கட்டி, மோட்டார் வைத்து அதன்மேல் ஒரு குட்டிக் காரை ஏறவிட்டு, வருகிறவர்களை எல்லாம் வசப்படுத்திவிடுவார். மாமியாருக்கு அது பல வருடத்து வயிற்றெரிச்சல்.

“இந்த வருஷம் நம்மாத்துக் கொலுல உங்க மலைதான்” என்றார் போனில். “கீழேர்ந்து மேல வரைக்கும் முழுசா தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பு. மாடியாத்து மாமி வாயடைச்சுப் போகணும்.”

எங்கள் இட்லிப் பானையைப் பார்த்து யாருக்கும் வாய் அடைக்காது. அந்த வாரம் என் நாலு வயது மகளுக்குத் தடுப்பூசி. டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அதில் மூன்று சிகரங்கள், மேலே பனி, கீழே ஏரி. மலை என்றால் அது மலை. என் கை எப்போது போனை எடுத்தது என்று எனக்குத் தெரியாது. கீழே இருந்த தேதிகளை வெட்டிவிட்டு அனுப்பினேன். இத்தனை நாள் இந்தப் பக்கத்தை ஏன் காட்டவில்லை என்று உடனே பதில் வந்தது.

என் கணவரிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அதை அனுப்புவதற்குள் அங்கிருந்து ஒரு படம் வந்தது. கஞ்சியில் நனைத்த பழைய போர்வை ஒன்று, மூன்று சிகரங்களோடு பால்கனியில் விறைப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் சென்னைக்கு வந்தோம். ஹாலில் பாதியை மலை எடுத்துக்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் வாங்கிய பஞ்சு பனியாகியிருந்தது. கண்ணாடி ஏரியில் இரண்டு பிளாஸ்டிக் வாத்துகள். கரையில் ஒரு அட்டை வீடு, அதன் வாசலில் மரப்பாச்சி தம்பதி, இருவருக்கும் குட்டி ஸ்வெட்டர். ‘என் பிள்ளை ஆத்து ஜன்னலிலிருந்து’ என்று ஒரு அட்டையும் எழுதி வைத்திருந்தார்.

மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கால் கழுவ அழைத்துக்கொண்டு போய்விட்டேன். குழந்தையிடம் பொய் சொல்லவே கூடாது என்று சொல்லும் இரண்டு புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்தவள் நான். அது சாமி மலை, அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றேன்.

“அப்போ டாக்டரும் சாமியா?” என்றாள்.

முதல் இரண்டு நாளும் மாலையில் சுண்டல் கரண்டியோடு அவளுக்கும் மலைக்கும் நடுவிலேயே நின்றேன். விஷயம் வெளியே வந்தால் மாமியார் அந்தக் குடியிருப்பில் எப்படித் தலைகாட்டுவார் என்ற நினைப்பிலேயே வந்தவர்களுக்கு இரண்டு தடவை சுண்டல் போட்டேன். மூன்றாம் மாலை மாடியாத்து மாமி வந்தார். நான் குங்குமச் சிமிழை எடுக்கத் திரும்பிய நொடியில் அவர் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

“இதான் உங்காத்து மலையாடி, கண்ணா?”

“இல்லை. எங்காத்து மலை இவ்ளோ அழகா இருக்காது. இது ஊசி போடற டாக்டராத்து மலை.”

மாமி என்னைப் பார்த்தார். நான் வாத்துகளைப் பார்த்தேன். மாமியார் மட்டும் வெற்றிலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“சரியாத்தான் சொல்றா. டாக்டராத்துலேர்ந்து பார்த்தாதான் அது இப்படி முழுசா தெரியும்” என்றார்.

“அப்போ நீங்க டாக்டராத்துலன்னா குடியிருக்கணும்” என்று மாமி என்னிடம் சொன்னார்.

“அது கிடக்கட்டும் மாமி. உங்காத்துக் கார் நேத்து பாதி மலையிலயே நின்னுடுத்தாமே?” என்றார் மாமியார்.

மாமி தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, மோட்டாருக்கு ஆள் வருகிறான் என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போனதும் சமையலறைக்குப் போய், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் மிச்சச் சுண்டலை டப்பாவில் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும்டி. போட்டோல மேல ஆணி தெரிஞ்சுதே.”

சிகரங்களுக்கு மேலே, காலண்டர் மாட்டியிருந்த ஆணி. தேதியை வெட்டிய நான் அதைப் பார்க்கவே இல்லை.

“அதுக்கு முன்னாடி அனுப்பினதும் பழசுதான். மூணு தடவை அதே காக்கா அதே கம்பில உக்காந்துண்டிருந்துது.”

பின்னே ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உன் மலையைன்னா வெக்கணும்? அதை யார் பார்ப்பா?” டப்பாவை அழுத்தி மூடினார். “வருஷம் பொறந்தா அந்த டாக்டர் புதுக் காலண்டர் மாட்டுவாரோன்னோ? இந்தத் தடவை ஆணி தெரியாம எடு.”

ஜனவரியில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. சளிகூட இல்லை. இருந்தாலும் எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.