முன்வரிசையில் தம்பி

போன வாரம் கடலூரில் ஒரு கூட்டத்தில் பேசினேன். இலக்கியக் கூட்டம் இல்லை. பொன்னாடை, போட்டோ எதுவும் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஒரு ரசாயன கம்பெனியை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள். அதற்குச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரிகள் கேட்கும் கூட்டம்.

அங்கே நாவலாசிரியைக்கு என்ன வேலை? நானும் இதையேதான் கேட்டேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் பஸ் ஏறி, சிதம்பரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "எங்க ஊரு நாத்தத்தப் பத்தி கதைல எழுதுனீங்க, சரி. அதிகாரி கதையா படிக்கப் போறாரு? நேர்ல வந்து பேசுங்க" என்றார்கள். என்ன பதில் சொல்ல முடியும்? வருகிறேன் என்றேன்.

சிக்கல் என்னவென்றால்... என் தம்பி சேகர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். வருஷா வருஷம் அவர்கள் புதுப்பித்தால்தான் வேலை.

கூட்டத்துக்கு முதல் நாள் அவன் மனைவி விஜயா போன் செய்தாள். "நாத்தம் எங்களுக்குத் தெரியாதா அண்ணி? ஆனா சோறு அங்கேர்ந்துதான வருது. போவாதீங்க." அவன் என் தம்பி என்று மூச்சு விட மாட்டேன் என்று சமாதானம் சொன்னேன். அப்படியும் அழுதாள்.

மண்டபத்துக்குள் போனால், முன்வரிசை முழுக்க கம்பெனி யூனிஃபார்ம். இந்த மாதிரிக் கூட்டங்களில் இது வழக்கம்தான். ஆட்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிவந்து, முன்னால் உட்காரவைத்து, ஆதரவாகக் கைதட்ட வைப்பார்கள். அவர்களுக்கு நடுவில் சேகர். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூடப் பிறந்தவனை யாரோ எவரோ மாதிரிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா?

மைக் கைக்கு வந்தது. பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். பேரைச் சொல்லி, "எழுத்தாளர், சிதம்பரம்" என்றேன். அவ்வளவுதான்! பின்னாலிருந்து ஒரு குரல் – "சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு எங்க பொழப்புல ஏன் மண்ண போடுறீங்க?" இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி என்னைக் கேட்டார்:

"மேடம், இந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

பதில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. சொன்னால் அவன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வெளியாள் என்று என்னை உட்காரவைத்துவிடுவார்கள். என்னை நம்பி பஸ் ஏறி வந்த பெண்களுக்கு என்ன சொல்வேன்? உறவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"அவுங்க எங்க அக்கா சார்."

சேகர் எழுந்து நின்றிருந்தான். யூனிஃபார்மோடு.

"எம்பேரு சேகர். இந்த கம்பெனிலதான் வேல பாக்குறேன். வீடும் இங்கதான். சாயங்காலம் ஆனா ஜன்னல சாத்திக்கிட்டுதான் புள்ளைங்களுக்கு சோறு போடுறோம். எங்க வீட்டுக்கு வந்தா அக்காவும் அதே காத்ததான் இழுக்குறாங்க. பேச உடுங்க."

பேசினேன். சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ சேகர் பஸ்ஸில் ஏறும்போது பக்கத்தில் யாராவது உட்காருவார்களா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

எழுதுகிறவர்களுக்கு அரசியல் பொறுப்பு வேண்டும், அதற்கு விலை கொடுக்கவும் வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை பேசியது நான்... விலை கொடுப்பது அவன் அல்லவா? அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

மறுநாள் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டார்கள். விஜயா என் போனை எடுப்பதில்லை. அவள் கோபம் நியாயமானது.

சேகர்தான் நேற்று கூப்பிட்டான். "நான் என்னடா செய்யட்டும்?" என்றேன்.

"நீ எழுதுறவதான? எழுது. எம்பேரயே போட்டு எழுதுக்கா."

எழுதிவிட்டேன். அந்தக் கம்பெனி ஆபீசிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம்.