அம்மா காலில் மாட்டுப் புரதம்

உங்கள் அம்மாவின் காலுக்குள் மாட்டுச் சமாசாரம் ஒன்றை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வீர்கள்?

நான் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. நிவித்திகலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி பாதத்தில் ஏறிவிட்டது. புண் ஆறாமல் உள்ளே சீழ் கட்டியது. ரத்தினபுரி டாக்டர் அதைச் சுத்தம் செய்துவிட்டு, வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு துண்டைக் காட்டினார். கொலாஜன். மாட்டின் தசைநாரிலிருந்து எடுத்த புரதம். அதில் கிருமிக்கான மருந்து ஏற்றியிருக்கும். புண்ணுக்குள் வைத்தால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பஞ்சு தானாகக் கரைந்துபோகும். கெம்பஸில் இதையெல்லாம் படித்துக் கிழித்தவன் நான். பெரிய ஆள் மாதிரி தலையாட்டினேன். சீழ் எலும்புக்குப் போனால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றும் அவர் சொன்னார்.

எல்லாம் வேகமான சிங்களத்தில். அம்மா அதில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டாள்: ஹரக்.

“மாடா?”

“அம்மா, இது மாடே இல்ல. சுத்தம் பண்ணுன புரோட்டீன். நீங்க முழுங்குற கேப்சூலோட கூடு கூட அதுலதான்...”

“வாய மூடு. இனி கேப்சூலும் வேணாம்.”

அப்பா தோட்டத்துக் கோயிலில் தப்பு மேளம் அடிப்பவர். கூட வந்திருந்த அவர் இறங்கினார். “ஏண்டி, அம்மனுக்கு முன்னால நான் அடிக்கிறது என்னா தோலு? மாட்டுத்தோலு தானே?”

“அத நான் காலுக்குள்ளயா வச்சிருக்கேன்?”

அப்பா அவுட்.

டாக்டர் கையுறையோடு நின்றார். அம்மா அவரை நேராகப் பார்த்து, “டொக்டர் மாத்தயா ஹரக் மஸ் கனவாத?” என்று கேட்டாள். மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா என்று! எனக்கு மானமே போயிற்று.

அவர் சிரிக்கவில்லை. “நே அம்மே. அபே கெதர கவுருவத் கன்னே நே.” அவர் வீட்டில் யாருமே தொடுவதில்லையாம்.

அம்மா காலை நீட்டினாள்.

“வைக்கச் சொல்லு. தின்னாதவரு கையால வைக்கிறாரு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீதான் டவுன்ல பீஃப் கொத்து தின்னுட்டு வர்றவன், நீ வெளிய நில்லு.”

வெளியே நின்றேன்.

பஞ்சு கரைந்தது. புண் அடியிலிருந்து மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. கேப்சூலை மட்டும் அம்மா இன்றுவரை உடைத்து, உள்ளே இருக்கும் தூளைத் தேனில் குழைத்துத்தான் விழுங்குகிறாள்.

இப்போது அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.