முன்னால் போன காலடிகள்

ஒதீலுக்கு ரெஷான் மேல் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பாள். இது அதைவிடக் கேவலமானது என்று அவளுக்கே தெரிந்தது.

கஸ்பேசிக் கடற்கரையில் நண்டு ஆலை ஒன்றில் வேலை ஒதீலுக்கு. அவள் தோழி ரெஷான் அதே தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மே மாதம் பிறந்தால் இருவரும் மலை ஏறுவார்கள். கீழே மரங்கள் துளிர்விட்டிருக்கும். மேலே பாதையில் பனி இடுப்பளவு கிடக்கும். காலையில் கல் போல இறுகியிருக்கும், வெயில் ஏறினால் கூழாகிவிடும். ஒதீல்தான் முன்னே போவாள். பனியில் புதையாமலிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் பனித்தட்டால் மிதித்து அவள் குழி போட, அந்தக் குழியிலேயே கால் வைத்து ரெஷான் வருவாள்.

போன இலையுதிர் காலத்தில் மோன்றியாலிலிருந்து மிரேய் வந்து சேர்ந்தாள். ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரி. முடி வெட்ட வந்தவள் கடையிலேயே காப்பி குடிக்கத் தொடங்கினாள். பிறகு ரெஷானோடு கடற்கரையில் நடந்தாள். நண்டு வரத்து அதிகமான நாட்களில் ஒதீலுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"ஞாயித்துக்கிழமை மலைக்கு மிரேயும் வரேங்கறாடி," என்றாள் ரெஷான்.

"எனக்கு இடுப்பு வலி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

கெஞ்சுவாள் என்று ஒதீல் காத்திருந்தாள். "அப்ப நல்லா படுத்து ரெஸ்ட் எடு," என்று சொல்லிவிட்டு ரெஷான் கத்தரிக்கோலைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஒதீலால் படுத்திருக்க முடியவில்லை. வண்டியை மர அறுவை ஆலைக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு, பாதையில் ஏறினாள். பனியில் எல்லாம் எழுதி வைத்தது போலிருந்தது. முன்னால் மிரேயின் புதுப் பனித்தட்டின் ஆழமான தடம். அதற்குள்ளேயே ரெஷானின் சின்னத் தடம். ஓடையின் மேல் பனி மெலிந்து பாலம் போல் நின்ற இடத்தில் இரண்டு தடங்களும் ஒட்டி ஒட்டிப் போயிருந்தன. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு பாறையில் பனியைத் தள்ளி இருவர் உட்காரும் அளவுக்கு இடம் செய்திருந்தார்கள். அதை ஒதீல் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு போனாள்.

மேலே திருப்பத்தில் பேச்சுக் குரல் கேட்டது. ரெஷான் கரடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒதீல் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் கரடிக்கு வீசிவிட்டு மரமேறிய கதை. அது ஒதீலுக்கும் ரெஷானுக்கும் மட்டுமேயானது.

"சீ, பொய் சொல்லாதடி," என்று மிரேய் சிரித்தாள்.

'டி' வரைக்கும் வந்தாயிற்றா?

அவர்களுக்கு முன்னால் உச்சியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒதீலுக்கு வெறி வந்தது. பாதையை விட்டு குட்டை ஃபிர் மரங்களுக்குள் நுழைந்தாள். மரத்தடியில் பனி பொள்ளலாக இருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்ச தூரம் போவதற்குள் பொதுக்கென்று அக்குள் வரை இறங்கினாள். காலில் கட்டியிருந்த பனித்தட்டு அடியில் கிளையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நனைந்த கால்சட்டை வழியே குளிர் ஏறியது. உச்சியிலிருந்து இருவரும் பேசிக்கொண்டே இறங்கி வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடந்து போய்விட்டார்கள் என்று நினைத்தபோது ரெஷானின் குரல் நின்றது.

"இரு மிரேய். இந்தத் தடத்தப் பாரு. வலது கால் வெளிப்பக்கமா திரும்பியிருக்கு. இது எங்க ஒதீல்."

இருவரும் மரங்களை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ரெஷான் குனிந்து பார்த்தாள்.

"இடுப்பு வலின்ன?"

"இப்ப நெசமாவே வலிக்குது."

மிரேய் பனியில் குப்புறப் படுத்து, தன் பனித்தட்டைக் கழற்றி அதையே மண்வெட்டியாக்கித் தோண்டினாள். தோள் வரை கையை உள்ளே விட்டு வாரை அவிழ்த்துவிட்டாள். வெளியே இழுத்ததும் பையிலிருந்து உலர்ந்த கம்பளிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தாள். நல்ல கம்பளி, இதமாக இருந்தது. அதுவும் ஒதீலுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"கரடிக் கதைய எதுக்குடி அவகிட்ட சொன்ன?" என்று ரெஷானைக் கேட்டாள்.

"நான் வந்த நாள்லேர்ந்து உன் கதைய மட்டும்தான் சொல்றா," என்றாள் மிரேய். "வேற பேச்சு இல்லையான்னு நானே கேட்டேன்."

ரெஷான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ ஆலைக்குப் போனா ஆலைதான். வேற யாரத் தேடறது நான்?"

இறங்கும்போது மிரேய்க்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒதீல் முன்னால் போனாள். பின்னால் இரண்டு பேர் கால் வைப்பார்கள் என்று குழிகளைக் கொஞ்சம் அகலமாகவே மிதித்தாள்.

அடுத்த வாரம் ரெஷானுக்குக் காய்ச்சல். ஞாயிறு காலை மிரேய் ஒதீலைக் கூப்பிட்டாள். பனி உருகிக்கொண்டிருந்தது, தள்ளிப்போட மனமில்லை; இருவரும் போய்விட்டு வந்தார்கள். மிரேய் அதிகம் பேசாதவள் என்பதும், அது மலைக்கு நல்லது என்பதும் அன்றைக்குத்தான் ஒதீலுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் தொலைபேசி மணி அடித்தது.

"என்னை விட்டுட்டு ரெண்டு பேரும் உச்சி வரைக்கும் போனீங்களாமே," என்றாள் ரெஷான். "நல்லா இருந்துச்சா? ரொம்ப சிரிச்சீங்களோ?"

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று ஒதீலுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ரொம்ப," என்றாள். அது பொய். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.